ஈசானிய மூலையில் முதல் நட்டு

என் கல்யாணச் சீரில் வந்த செப்புத் தவலை ஒரு லாரி எஞ்சினுக்குள் போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யாரும் என்னிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நானே ஆள் கூப்பிட்டுப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து வைத்தேன். வெட்டப்போகிற பாத்திரத்தை எதற்கடி தேய்க்கிறாய் என்று என் ஓரகத்தி கேட்டாள். அழுக்குப் பாத்திரத்தை அடுத்தவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கழியவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகிற தடத்தை ஒட்டி எங்கள் தோட்டம். வீட்டில் நாங்கள் நாலு பேர்தான். என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவியான என் ஓரகத்தி, நான். மாமனார் மாமியாரை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தது அண்ணன்தான்.

அண்ணனுக்கு ஏர், ஏற்றம், வெள்ளாமை. தம்பிக்கு மாட்டு வாலைப் பிடித்து நடப்பதே பிடிக்காது. சண்டைக் காலத்தில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, கரி அள்ளிக் கொட்டி, மூஞ்சியெல்லாம் கறுத்து, கடைசியில் டிரைவரே ஆகிவிட்டார். சண்டை ஓய்ந்ததும் பட்டாளத்தார் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விட்டார்கள். அதில் ஒன்றை அண்ணனும் தம்பியும் சேர்ந்து எடுத்தார்கள். அது பெட்ரோல் வண்டியல்ல, டீசல் வண்டி. அப்போது எங்கள் பக்கத்தில் டீசல் என்று யாரும் சொல்லமாட்டார்கள், குருடாயில் என்போம். குருடாயில் லாரியைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பழகியதில்லை. அதனால்தான் ஏலத்தில் அதைக் கேட்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ராஜகுமாரியைக் கண்டுபிடித்தவர்போல அதைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தபோது முகத்தில் அவ்வளவு பெருமை இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் ஆத்தூரிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ரேடியேட்டர் தண்ணீர் குமுகுமுவென்று கொதித்துப் பொங்கியது. வெள்ளைப் புகை கிளம்பியது. எண்ணெய் பார்க்கிற குச்சியை உருவினால் மோர்போல வெளுத்த எண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்தது. நெல்லை வேறு வண்டிகளில் மாற்றி அனுப்பிவிட்டு, லாரியை இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். முன்னால் மாடுகள், பின்னால் லாரி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே என் வீட்டுக்காரர். ஊரே தெருவில் நின்று பார்த்தது. ஒரு பெரியவர், "ஏனுங், இதுக்கு மாட்டையே வெச்சிருந்திருக்கலாமுங்களே" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

மூத்தார், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சேலத்தில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் பேசி, வருகிற வெள்ளிக்கிழமை வந்து வண்டியைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வந்தார். அவர் சொல் கொடுத்தால் கொடுத்ததுதான். ஓடாத வண்டி போய்த் தொலையட்டும், தம்பி காடு கழனிக்கு வரட்டும் என்பது அவர் கணக்கு.

அன்று சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் சொன்னார்: "வண்டி போச்சுன்னா நானும் போறேன். பம்பாயில லாரி ஓட்ட ஆளு தேடறாங்களாம்."

சொல்லிவிட்டு ரசம் கேட்டார். பம்பாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பம்பாய்க்குப் போன எங்கள் ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வரவே இல்லை என்பது மட்டும் தெரியும். மூத்தார் கை கழுவ எழுந்து போய்விட்டார். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

இனி எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள் வண்டி ஓடியாக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார் என் வீட்டுக்காரர். முஸ்லிம் மனிதர். நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டோம். சண்டையின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவராம். நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல புளுகர். "பர்மா தடத்துல மேல குண்டு விழுந்துட்டு இருக்குது, கீழ நான் எஞ்சின் ஹெட்டைக் கழட்டிட்டு இருக்கேன்" என்று காலையில் சொல்வார். சாயங்காலம் அதே ஹெட்டை எகிப்து மணலில் கழற்றியிருப்பார். நாங்கள் எதையும் மறுக்கமாட்டோம். கேட்க நன்றாக இருக்கும்.

கட்டுத்தரையில் எருமைக்குப் பக்கத்தில்தான் லாரி நின்றது. பாய் நட்டுகளைக் கழற்றி, வேப்ப மரக்கிளையில் கயிறு கட்டி, எஞ்சினின் தலையைத் தூக்கினார். அதை ஹெட்டு என்பார்கள். இந்த எஞ்சினுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு ஹெட்டு. பழுது முன்னால் இருந்ததில். ஹெட்டுக்கும் கீழே இருக்கிற எஞ்சின் உடம்புக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது, பேர் கேஸ்கட். சூடும் புகையும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அதுதான் தடுக்கிறதாம். பாய் அதைத் தூக்கிக் காட்டினார். இரண்டு ஓட்டைக்கு நடுவே கருகி அறுந்து போயிருந்தது.

"இதோ, இத்துனூண்டு இடம்தான். இதுக்குத்தான் மாடு பூட்டி இழுத்தீங்க" என்றார் பாய்.

புதிய கேஸ்கட்டுக்கு என் வீட்டுக்காரர் சேலம் முழுக்க அலைந்தார். பெட்ரோல் லாரிகளுக்கு இருந்தது. குருடாயில் லாரிக்கு இல்லை. சீமையிலிருந்து வர வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் சீமை எங்கே, நாங்கள் எங்கே? பாய் தாடியைத் தடவிக்கொண்டு, நல்ல கெட்டிச் செப்புத் தகடு கிடைத்தால் நானே வெட்டித் தருவேன் என்றார். சண்டை தின்றது போக ஊரில் செப்புத் தகடும் இல்லை.

அப்போதுதான் நான் பரணைப் பார்த்தேன். என் அம்மா வீட்டிலிருந்து வந்த தவலை. நான் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிசு. கெட்டியும் அப்படித்தான், இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த வேண்டும். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். அம்மாவுக்கு மாப்பிள்ளை முக்கியமா, தவலை முக்கியமா? புளியை எடுத்து ஊற வைத்தேன்.

தவலையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்றார். பாய் மட்டும் விரலால் சுண்டிப் பார்த்து, "தங்கச்சிம்மா, இது எஞ்சினுக்குன்னே பொறந்த தவலை" என்றார். ஒரு பகல் முழுக்க அதை வெட்டி, விரித்து, கட்டையில் வைத்துத் தட்டித் தட்டிச் சமமாக்கினார். பழைய கேஸ்கட்டை மேலே வைத்துக் கோடு கிழித்தார். உளியால் ஓட்டைகள் போட்டார். பிறகு அடுப்பில் தணல் சிவக்க வைத்து அதில் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, தொட்டித் தண்ணீரில் சர்ரென்று முக்கினார். இரும்பென்றால் இப்படிச் செய்தால் இறுகுமாம், செம்பு இளகுமாம். முக்கி எடுத்த தகட்டை என்னிடம் வளைத்துக் காட்டினார். வாழை மட்டைபோல வளைந்தது. எனக்கு அதைப் பார்த்து வயிறெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாய்க்கும் மூத்தாருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை. பாய் மத்தியானம் தொழுவதற்கு வேப்ப மரத்தடியை மூத்தாரே கூட்டிவிட்டு, வெளுத்த வேட்டி ஒன்றை விரித்து வைப்பார். மூத்தார் எதிரில் வந்தால் பாய் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிடுவார். வினை அந்த மரியாதையில்தான் வந்தது.

தகட்டை வைத்து, ஹெட்டை இறக்கி, நட்டு முறுக்கப் போகும் நேரம். மூத்தார் குளித்து, திருநீறு பூசி, வெற்றிலை பாக்கு தேங்காயோடு வந்து நின்றார்.

"முதல் நட்டு ஈசானிய மூலையில முறுக்கோணும் சாமி. ஊடு கட்டினாலும் கெணறு வெட்டினாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்போம். அப்புறம் வலமாச் சுத்தி வாங்க" என்றார்.

பாய் ஒரு நிமிஷம் ஸ்பானர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்தார். மூத்தாரைப் பார்த்தார். "சரிங்க பெரியவரே" என்றார். வடகிழக்கு எது என்று சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்த மூலை நட்டை முதலில் இறுக முறுக்கினார். அப்படியே கோயில் சுற்றுவதுபோல ஓரமாகவே சுற்றி வந்து எல்லாவற்றையும் முறுக்கி, நடுவில் இருந்ததைக் கடைசியில் முறுக்கினார். மூத்தார் தேங்காய் உடைத்தார். சரிபாதியாக உடைந்தது. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது.

வண்டியைச் சரிவுத் தடத்தில் பத்துப் பதினைந்து பேர் தள்ளினார்கள். எஞ்சின் இருமியது, துப்பியது, பிடித்துக்கொண்டது. ஹோவென்று கத்தினோம். ஓரகத்தி குலவைகூடப் போட்டுவிட்டாள். பாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பொங்கி வெளியே வழிந்தது.

அன்று புதன்கிழமை. மறுபடி ஹெட்டைத் தூக்கினார்கள். என் தவலைத் தகடு நடுவில் புடைத்து, அலை அலையாக நின்றது. ஓரமெல்லாம் முதலிலேயே இறுகிவிட்டதால் நடுவில் இருந்ததற்குப் போக இடமில்லை. என் வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "பம்பாய்தான்" என்று முணுமுணுத்தார்.

பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நடுவுலேர்ந்துதான் முறுக்கணும். நடுவு, அப்புறம் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, அப்படியே வெளியே வரணும். பட்டாளத்துல அதான் முறை."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பெரியவர் சாமி காரியமாச் சொல்றாரு. உங்க வழக்கத்துக்குக் குறுக்கே நான் எப்படிப் பேசறது?"

மூத்தார் பாய் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் கேட்டிருப்பனே பாய். பாய் ஒண்ணுஞ் சொல்லல, சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் பக்கத்தில் இருக்கிற வேறு எதனிடமாவது சொல்லுவோம். அவர்கள் காதில் விழும். நான் எருமையிடம் போனேன்.

"ஏ எருமை, கேட்டுக்க! இவிங்களுக்கு அவிங்க மரியாதை, அவிங்களுக்கு இவிங்க மரியாதை. ரெண்டு மரியாதையுஞ் சேர்ந்து என்ற தவலையைத் தின்னுபோட்டுச்சு. நோம்பி நாளுக்குத் தோசை சுடறமே, மாவை ஓரத்துலயா ஊத்தறோம்? நடுவுல ஊத்தித்தான் வெளிய இழுக்கறோம். ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல உப்பித்தான் நிக்கும். இது ஒரு பொம்பளைக்குத் தெரியும், உனக்குந் தெரியும். ஈசானிய மூலைக்கு இருக்கற சாமி நடுவுல இல்லாமயா போச்சு?"

எருமை காதை ஆட்டியது. ஓரகத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். மூத்தாரும் எருமைப் பக்கமே திரும்பினார்.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லு. ஊட்டு மனையில நடு எடம் பிரம்மாவுக்குன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அதுவும் சாமி எடந்தான். நடுவுலயே ஆரம்பிக்கட்டும். எனக்கொண்ணும் சங்கடமில்ல."

"தகடு போச்சுங்களே" என்றேன், எருமையிடம்தான்.

அதற்குப் பாய்தான் பதில் சொன்னார். செம்பு என்பதால் தப்பித்தோமாம். திரும்பக் காய்ச்சித் தட்டினால் சமமாகிவிடும், ஆனால் தகடு மெலிந்து வருகிறது, இந்தத் தடவையும் தவறினால் அவ்வளவுதான் என்றார். இந்த முறை பர்மாவும் எகிப்தும் வரவில்லை. வியாழக்கிழமை முழுக்க அவர் பேசவே இல்லை. காய்ச்சினார், முக்கினார், தட்டினார், கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடி தட்டினார். மூத்தார் பக்கத்திலேயே குந்தியிருந்து தணலுக்குத் துருத்தி ஊதினார். அன்று அவர் ஒரு வாய் சோறு தொடவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விரதம் என்று ஓரகத்தி சொன்னாள். என்ன விரதம் என்று கேட்டதற்கு அவளுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நடு நட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரே மூச்சில் இறுக்கவில்லை. எல்லாவற்றையும் லேசாக ஒரு சுற்று, அப்புறம் கொஞ்சம் இறுக்கி ஒரு சுற்று, பிறகு முழுசாக ஒரு சுற்று. பாய் நட்டைக் காட்ட, என் வீட்டுக்காரர் சாவியை இழுத்தார். அதற்குள் இரும்பு வியாபாரி வந்துவிட்டார். கூடவே சம்மட்டி ஆட்கள் வேறு. வாங்க என்று மூத்தார் கைகூப்பி, மோர் கொடுத்து உட்கார வைத்தார். அந்த ஆட்கள் வண்டியை எங்கே உடைக்க ஆரம்பிக்கலாம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எனக்கு அவர்களுக்குக் கொடுத்த மோரைத் திருப்பி வாங்கலாம்போல இருந்தது.

தள்ள ஆள் போதவில்லை. பாய் யோசிக்கவே இல்லை, சம்மட்டி ஆட்களையும் வியாபாரியையும் கூப்பிட்டுவிட்டார். அவர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். எஞ்சின் பிடித்தது. பாய் மூடியைத் திறந்தார். நான் மரியாதை எல்லாம் விட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. சூடேற விட்டு, திரும்ப ஒருமுறை நட்டுகளை இறுக்கி, இன்னும் ஓட விட்டுப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. என் மூஞ்சி அதில் தெரிந்தது.

வியாபாரி நல்ல மனிதர். ஓடுகிற வண்டியை உடைத்தால் பாவம் என்று சிரித்துவிட்டு, சாப்பிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தோட்டத்து வெல்லச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு, பாயையும் கூட உட்காரவைத்து, ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் புறப்பட்டார். ஓரகத்தி பந்திப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நானும் மூத்தாரும் தடத்தில் நின்றோம். புழுதி அடங்கிய பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பம்பாய் எவ்வளவு தூரம்னு டேசன்ல போய்க் கேட்டேன் அம்மிணி" என்றார். பக்கத்தில் எருமை இல்லை, யாரும் இல்லை. என்னிடம்தான் சொன்னார். "ரயில்லயே நாள்கணக்கில போகோணுமாம். அவ்வளவு தூரத்துல அவனுக்கு ஒரு காச்சல் தலைவலின்னா யாரு பாப்பாங்க? வியாவாரிக்கு வேற வாக்குக் குடுத்துப்போட்டேன். மாத்திப் பேசவும் முடியல. சாமிகிட்டப் போறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஈசானிய மூலையும், தேங்காயும், பட்டினியும் எதற்கென்றும் அப்போதுதான் புரிந்தது.

"எனக்கும் அதே வெசனந்தானுங்க" என்றேன், நேராக அவரைப் பார்த்தே.

சாயங்காலம் லாரி திரும்பி வந்தது. ஹாரன் ஊருக்கே கேட்டது. என் வீட்டுக்காரர் தொப்பென்று குதித்து இறங்கி, பசிக்குது என்றார். மூத்தார் பிடித்துக்கொண்டார். "இனி ஒருக்கா பம்பாய்ப் பேச்சை எடுத்தீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்" என்று ஆரம்பித்து, நான் அதுவரை கேட்டிராத வார்த்தைகளையெல்லாம் சொன்னார்.

என் வீட்டுக்காரர் விழித்தார். "அட, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்கண்ணா! அதையா இத்தனை நாளா மனசுல வெச்சிருந்தீங்க?"

மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். நான் சோறு போடவில்லை. என் தவலை, என் தூக்கம், அந்த மனுஷனின் பட்டினி எல்லாம் ஒரு பேச்சுக்காகவா? கிணற்றடியில் என் வீட்டுக்காரர் கால் கழுவும்போது போய் நின்றேன்.

"நெசமாவே சும்மாத்தான் சொன்னீங்களா?"

அவர் ஒரு காலைக் கழுவினார். இன்னொரு காலையும் கழுவினார். கரி போகத் தேய்த்துத் தேய்த்துக் கையையும் கழுவினார். என்னைப் பார்க்கவில்லை.

"அதான் வண்டி ஓடிருச்சே, இனி எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார்.

உள்ளே போய் இலை போட்டேன்.